கோரையும் கழிவுநீரும்: நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு ஓய்வாக இருக்கும்போது படியுங்கள். பாதியில் விட்டுவிடாதீர்கள், கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

போன வாரம் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குட்டையைச் சுத்தம் செய்யப் பணம் சேர்க்கிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள், துபாயில் இருப்பவர்கள், திருப்பூரில் இருப்பவர்கள் என்று எல்லாரும் மனசோடு கொடுக்கிறார்கள். படித்தபோது பெருமையாக இருந்தது. திட்டத்தைப் படித்ததும்தான் எனக்குத் திக்கென்றது. ஜேசிபி வைத்துக் கோரை, சம்பு எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, நாலு பக்கமும் சிமெண்ட் சரிவு கட்டி, நடைபாதை போடப் போகிறார்களாம்.

எனக்கு 1993 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆண்டு காந்தி ஜெயந்திக்கு ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் குட்டைக்கு அழைத்துப்போனது நான்தான். தெருச் சாக்கடை வாய்க்கால் குட்டையில் வந்து விழுகிற இடத்தில் கோரையும் சம்பும் ஆள் உயரத்துக்கு நின்றன. "புதர் மண்டிக் கிடக்கிறது, கொசு வரும், பாம்பு வரும். பிடுங்குங்கள்" என்றேன். இரண்டு நாளில் வழித்துவிட்டீர்கள். கை கீறி ரத்தம் வந்தவர்கள்கூட உண்டு. எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

பாய் நெய்கிற வீட்டுப் பையன் ஒருவன் அன்று என்னிடம் கேட்டான். "டீச்சர், கோரை நிற்கிற தண்ணி நாறாதுன்னு எங்க அப்பாயி சொல்லும். எல்லாத்தையும் எடுத்துட்டா நாறாதா?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாக்கடையில் நிற்கிற செடி எப்படித் தண்ணியைச் சுத்தம் பண்ணும்? போய் வேலையைப் பார்" என்று அதட்டி அனுப்பினேன்.

அடுத்த கோடையில் குட்டை பச்சைப் பசேலென்று ஆனது. மீன் செத்து மிதந்தது. வேலைக்குப் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்கள். மழை குறைவு, அதனால்தான் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன். மழையும் குறைவுதான், தெருவில் வீடுகளும் கூடிவிட்டன. கோரையை எடுத்தது மட்டுமே காரணம் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு. பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது. அந்த வரலாற்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாய்க்கோரையில் தொடங்கிய ஆராய்ச்சி

ஜெர்மனியில் கேத்தே சைடல் என்று ஒரு தாவரவியல் அம்மையார் இருந்தார். 1907-ல் பிறந்தவர். வடக்கு ஜெர்மனியில் ப்ளோன் என்ற ஏரிக்கரை ஊரில் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சிக் கழகத்தின் நன்னீர் ஆய்வு நிலையம் இருந்தது. அவர் அங்கே வேலை பார்த்தார். அவர் எடுத்துக்கொண்ட செடி எது என்று கேட்டால் நம் ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும். ஏரிக்கரையில் வளரும் ஒருவகைக் கோரை. நாம் பாய் நெய்யும் கோரை எந்தக் குடும்பமோ அதே குடும்பம். ஜெர்மன் மொழியில் அதற்குப் பெயரே 'பின்னுகிற கோரை' என்பதுதான். அங்கேயும் அதை வைத்துப் பாயும் கூடையும் நாற்காலி இருக்கையும் பின்னியிருக்கிறார்கள். அந்த ஒரு செடியைப் பற்றியே 1955-ல் அவர் ஒரு முழு நூல் எழுதினார். எப்படி வளர்கிறது, மக்கள் வாழ்க்கையில் அதற்கு என்ன இடம், பொருளாதாரத்தில் என்ன பயன் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

1950களின் தொடக்கத்திலிருந்தே அவர் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தார். இந்தக் கோரையை அழுக்குத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பீனால் என்கிற நச்சு ரசாயனம் கலந்த தண்ணீரில் வைத்தார், பால் பண்ணைக் கழிவில் வைத்தார், மாட்டுக் கொட்டில் கழிவில் வைத்தார். செடி சாகவில்லை. தண்ணீர்தான் தெளிந்தது. கெட்ட கிருமிகளும் குறைந்தன.

அந்தக் காலத்துக் கழிவுநீர்ப் பொறியாளர்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. கழிவுநீர் என்றால் கான்கிரீட் தொட்டி, இரும்புக் குழாய், காற்றடிக்கும் இயந்திரம் என்றே பழகியவர்கள் அவர்கள். சாக்கடையில் செடி பிழைக்குமா, பிழைத்தாலும் அது என்ன சுத்தம் செய்யும் என்று கேட்டார்கள். 1993-ல் நான் கேட்ட அதே கேள்வி! அவர்கள் கேட்டு நாற்பது வருடம் கழித்து, விடை கிடைத்த பிறகு, நான் கேட்டிருக்கிறேன்.

சைடல் அம்மையார் விடவில்லை. பிறகு கிரேஃபெல்ட் என்ற ஊரில் தனி ஆய்வுக்கூடம் நடத்தினார். கழிவுநீரை ஒரே பாத்தியில் விடாமல் படிப்படியாக விடுகிற முறையை அங்கே உருவாக்கினார். முதலில் நாணல் நட்ட சரளைக்கல் பாத்தி, அதில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கும். அடுத்து கோரை நட்ட பாத்தி, அதில் பக்கவாட்டில் மெதுவாக நகரும். நம் வயலில் ஒரு மடையிலிருந்து அடுத்த மடைக்குத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் செடிப் பாத்திச் சுத்திகரிப்பு பலவற்றின் வேர் இந்தப் பாத்திகளில்தான் இருக்கிறது. 1990-ல் அவர் காலமானார்.

சுத்தம் செய்வது யார்?

இப்போது ஒரு கேள்வி. கோரை சாக்கடையைக் குடித்துவிடுகிறதா?

இல்லை. "செடி அழுக்கை உறிஞ்சிவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அது பாதி உண்மைதான். செடி உரச்சத்தை எடுத்துக்கொள்வது நிஜம். மொத்த அழுக்கில் அது சிறு பங்கு. பெரிய வேலையைச் செய்வது வேரிலும் தண்டிலும் சரளைக்கல்லிலும் வழவழவென்று ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அழுக்கைத் தின்று தீர்ப்பவை அவை.

அப்படியானால் செடி எதற்கு? ஆறாம் வகுப்பில் தாமரைத் தண்டைத் தண்ணீரில் விட்டு வாயால் ஊதச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மறுமுனையில் குமிழி குமிழியாக வந்தது. கோரைத் தண்டைக் கிள்ளிப் பார்த்தாலும் உள்ளே பஞ்சுபோலக் காற்று அறைகள் இருக்கும். அந்த வழியாக இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குகிறது. சேற்றுக்குள் மூச்சு முட்டாமல் இருக்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அதில் கொஞ்சம் பிராணவாயு வேரிலிருந்து வெளியே கசிகிறது. அந்த இடத்தில் ஒருவகை பாக்டீரியா குடியிருந்து, சாக்கடையில் நாற்றமடிக்கும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். வேரைவிட்டு இரண்டு விரல் தள்ளிப் போனால் காற்றே கிடையாது. அங்கே வேறொரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். காற்றுள்ள இடமும் இல்லாத இடமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் இரண்டு வேலையும் நடக்கிறது.

இன்னொன்று, நெருக்கமாக நிற்கும் தண்டுகள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கும். மெதுவாகப் போகிற தண்ணீரில் மண்ணும் கசடும் அடியில் தங்கிவிடும். அந்தப் பையனின் அப்பாயி பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் கோரைக்காட்டில் காலம் தள்ளியவர், பார்த்ததைச் சொன்னார். பயிற்சிப் பள்ளியில் பட்டயம் வாங்கிய நான் பார்க்காமல் பேசினேன்.

பெரியவர்களும் தவறினார்கள்

சைடலோடு 1960களில் சேர்ந்து வேலை செய்தவர் ரைன்ஹோல்ட் கிக்குத் என்ற விஞ்ஞானி. பின்னால் தனி வழி போனார். 'வேர் மண்டல முறை' என்ற பெயர் அவரால்தான் பரவியது. சரளைக்கல் வேண்டாம், களி கலந்த மண்ணிலேயே நாணல் நடலாம், சில ஆண்டுகளில் வேர்கள் மண்ணைத் துளைத்துத் தண்ணீர் போக வழி செய்துவிடும் என்றார். 1974-ல் ஒத்ஃபிரேசன் என்ற ஜெர்மன் ஊரில் இந்த முறையில் முழு அளவில் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. டென்மார்க்கிலும் நிறைய கட்டினார்கள்.

ஆனால் அவர் சொன்னபடி மண் திறந்துகொள்ளவில்லை. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடியது. 1985-ல் பிரிட்டன் பொறியாளர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். யோசனை நல்லது, மண்தான் சிக்கல் என்று புரிந்துகொண்டு மறுபடி சரளைக்கல்லுக்கே மாறினார்கள். சைடல் தொடங்கிய இடத்துக்கே! இப்போது ஐரோப்பாவில் சின்னச் சின்னக் கிராமங்களுக்கு இப்படிப்பட்ட நாணல் பாத்திகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் பாத்தி என்றால் ஆளுக்கு 5 சதுர மீட்டர் என்பது அங்கே உள்ள பொதுக் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 20 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை சென்ட். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வெங்காயத்தாமரையின் இரண்டு முகம்

அமெரிக்காவில் கதை வேறு செடியில் நடந்தது. நாம் வெங்காயத்தாமரை என்போம், சிலர் ஆகாயத்தாமரை என்பார்கள். ஊதாப் பூ பூத்து ஏரியையே மூடிவிடுமே, அதுதான். தென் அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக உலகம் சுற்றி வந்தது. வங்காளத்தில் ஆறு, கால்வாய், நெல்வயல் எல்லாவற்றையும் அடைத்து, படகு போகாமல் செய்து, கடைசியில் அதை ஒழிக்க 1936-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அந்தக் களையை வேலைக்கு வைத்தவர் பில் வொல்வர்ட்டன். மிசிசிப்பி மாநிலத்தில் நாசாவின் ராக்கெட் இன்ஜின் சோதனை நிலையத்தில் இருந்த விஞ்ஞானி. 1970களில் அந்த வளாகத்தின் கழிவுநீர்க் குளத்தில் வெங்காயத்தாமரையை மிதக்கவிட்டார். அதன் வேர் தண்ணீரில் தாடிபோலத் தொங்கும், அத்தனையும் பாக்டீரியா குடியிருக்கும் இடம். அது வேகமாக வளர்வதால் உரச்சத்தையும் அள்ளிக்கொள்ளும். ஊருக்குத் தொல்லையான அந்த வேகமே இங்கே பயனாக மாறியது. தண்ணீர் நன்றாகவே தெளிந்தது.

ஆனால் ஒரு நிபந்தனை. வளர்ந்ததை அவ்வப்போது அள்ளி வெளியே போட வேண்டும். அள்ளாமல் விட்டால் செடி அழுகி, எடுத்த சத்தெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே போய்விடும். குளிரில் செத்துவிடும் என்பதால் அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளுக்கு அது சரிப்படவும் இல்லை. தொழிற்சாலைக் கழிவில் வளர்ந்தது என்றால் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேரில் சேர்ந்திருக்கும். அதை மாட்டுக்குப் போடக் கூடாது, தோட்டத்துக்கு உரமாகவும் போடக் கூடாது.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும், நாசாவே சொல்லிவிட்டது என்று வருஷத்துக்கு நாலு முறையாவது எனக்கு அனுப்புகிறீர்களே, அதுவும் இதே வொல்வர்ட்டன் 1989-ல் செய்த ஆய்வுதான். அது சின்ன மூடிய பெட்டிக்குள் நடந்த சோதனை. ஜன்னல் திறந்திருக்கும் நம் வீட்டுக்கு அது பொருந்தாது. செடி வையுங்கள், அழகுக்காக வையுங்கள்.

கல்கத்தாவின் மீன் குளங்கள்

இது எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நம் நாட்டுக் கதை.

கல்கத்தாவுக்குக் கிழக்கே வித்யாதரி என்று ஓர் ஆறு இருந்தது. நகரத்துச் சாக்கடை அதில் விழுந்தது. வண்டல் படிந்து படிந்து 1920களின் கடைசியில் அந்த ஆறு செத்தே போனது. உப்பு நீர் வருவது நின்றதும் அங்கே மீன் வளர்த்தவர்கள் சாக்கடை நீரைத் தங்கள் குளங்களுக்குத் திருப்பிப் பார்த்தார்கள். முதலில் கொஞ்ச நாள் வெயிலில் தேக்கி வைத்து, பாசி பிடித்து, தண்ணீர் தெளிந்த பிறகு மீன் விட்டார்கள். மீன் கொழுத்தது. அந்தக் குளங்களுக்குப் 'பேரி' என்று பெயர். குளத்தின் கரையோரமாக வெங்காயத்தாமரையை மூங்கில் கட்டி வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். அலை அடித்துக் கரை அரிக்காது, எண்ணெய்ப் பிசுக்கையும் உலோகத்தையும் அதன் வேர் பிடித்துக்கொள்ளும். வங்காளத்தையே வதைத்த களையை, அதே வங்காளத்து மீனவர்கள் கட்டிப்போட்டு வேலை வாங்கினார்கள். எந்த ஆராய்ச்சிக்கூடமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

1980களில் மாநில அரசின் பொறியாளர் துருபஜ்யோதி கோஷ், நகரத்துக் கழிவுநீர் கடைசியில் எங்கே போய் என்ன ஆகிறது என்று அதன் கூடவே நடந்து போய்ப் பார்த்தார். பணம் செலவழித்துக் கட்ட நினைத்த சுத்திகரிப்பு நிலையம் ஏற்கெனவே மீனவர்கள் கையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை உலகத்துக்கு எடுத்துச் சொல்வதையே தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார். 1990-ல் ஐக்கிய நாடுகளின் 'குளோபல் 500' விருது அவருக்குக் கிடைத்தது. அந்த நிலத்தில் கட்டடம் கட்ட வந்தவர்களுக்கு எதிராக வழக்கு நடந்து, 1992-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஈரநிலத்தைக் காக்கத் தீர்ப்புச் சொன்னது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 12,500 ஹெக்டேர் பரப்பு. நகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி அங்கே போய் மீனாகவும் காய்கறியாகவும் நெல்லாகவும் திரும்பி வருகிறது. கோஷ் 2018-ல் காலமானார். இன்றும் ஓரம் ஓரமாக நிலத்தை மூடிக் கட்டடம் எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

நம் பக்கமும் இல்லாமல் இல்லை. ஆரோவில்லில் பல குடியிருப்புகளின் கழிவுநீர் இப்படிச் செடிப் பாத்தி வழியாகத்தான் போகிறது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையில் தொட்டி, செடி நட்ட சரளைப் பாத்தி, திறந்த குளம் என்று வரிசையாக விட்டுத் தெளிந்த நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். வாய்ப்பிருந்தால் போய்ப் பாருங்கள்.

என் வேண்டுகோள்

பிள்ளைகளே, குட்டையைச் சுத்தம் செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அடியில் கிடக்கும் பிளாஸ்டிக்கையும் வண்டலையும் எடுத்தே ஆக வேண்டும். மூன்று விஷயம் மட்டும் கேட்கிறேன்.

1. சாக்கடை வாய்க்கால் வந்து விழும் மூலையில் கோரையையும் சம்பையும் வழிக்காதீர்கள். நடைபாதை மற்ற மூன்று பக்கமும் வரட்டும், அந்தப் பக்கம் சிமெண்ட் வேண்டாம்.

2. வாய்க்கால் நேரே கோரைக்குள் விழக் கூடாது. அதற்கு முன்னால் கசடு தங்க ஒரு தொட்டி கட்டுங்கள், வருஷம் ஒருமுறை அள்ளுங்கள். இது இல்லாவிட்டால் கோரையும் கொஞ்ச நாளில் சேற்றில் மூச்சு முட்டிப் போகும்.

3. கோரையை வருஷா வருஷம் அறுக்க வேண்டும். வேரோடு பிடுங்காமல், அறுக்க மட்டும். நம் ஊரில் அரிவாள் பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? அறுத்ததை அதே தண்ணீரில் போடாதீர்கள்.

இதனால் குட்டைத் தண்ணீர் குடிக்கிற தண்ணீர் ஆகிவிடாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாற்றம் போகும், மீன் பிழைக்கும், தென்னைக்குப் பாய்ச்சலாம். ஆளுக்கு 5 சதுர மீட்டர் கணக்குப்படி பார்த்தால் நம் தெருக்கள் முழுவதற்கும் அந்த மூலை போதாதுதான். ஐரோப்பாவின் குளிரைவிட நம் வெயிலில் பாக்டீரியா சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்பதால் இடம் கொஞ்சம் குறைந்தாலும் பயன் இருக்கும். நம் பிள்ளைகளில் சிவில் படித்தவர்கள் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். யாராவது ஒருவர் நேரில் வந்து அளந்து பார்த்துச் சொன்னால் நான் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேசுகிறேன். முழங்கால் வலி இருந்தாலும் அதுவரை நடக்க முடியும்.

அன்று கேள்வி கேட்ட அந்தப் பையன் இதைப் படித்தால், தம்பி, உன் கேள்வி சரி. அதட்டியது என் தப்பு. உன் அப்பாயி சொன்னதற்கு ஜெர்மனியில் ஓர் அம்மா வாழ்நாள் முழுக்கச் சான்று தேடியிருக்கிறார். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வா, காபி போட்டுத் தருகிறேன். அப்பாயி இன்னும் என்னென்ன சொன்னார் என்று உட்கார்ந்து பேசலாம்.

குழுவில் இருப்பவர்கள் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் எழுதுங்கள். இந்த முறை கேள்வி கேட்பவர்களை அதட்டமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்